சேணம் எங்கே உட்கார வேண்டும்? புதிதாகக் குதிரை வாங்கியவர்களுக்கு

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய பெண் குதிரை, ராயக்கோட்டைக்கு வந்து ஒரு மாதம்வரை தங்கமாக இருந்தாள். அப்புறம் வயிற்றுவாரை இழுத்தாலே காதை மடக்கிக் கடிக்க வந்தாள். சுழி சரியில்லை, விற்றுவிடு என்றார்கள் ஊரில். கோளாறு சுழியில் இல்லை, சேணத்தில் இருந்தது.

குதிரையைச் சமதரையில் நிறுத்துங்கள். எங்களுக்கு ராகி அடிக்கிற களம். கம்பளி போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள்.

நான் தவறிய இடம் இதுதான். கழுத்து முடிகிற மேட்டில் சற்று முன்னாலேயே வைத்து, மயிர் படிந்த திசையிலேயே பின்னுக்கு நகர்த்துங்கள். ஓரிடத்தில் தானாக நிற்கும். அதற்கு நான்கு விரல் முன்னாலேயே நான் கட்டிக்கொண்டிருந்தேன். குதிரை முன்னங்காலை வீசும்போது தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பு பின்னுக்குச் சுழலும். சேணத்தின் உள்சட்டம் அங்கே இருந்தால் அடிக்கு அடி எலும்பில் இடிக்கும். தோளில் கை வைத்துக்கொண்டு, இன்னொருவரை அந்தக் காலை முன்னே தூக்கி நீட்டச் சொல்லுங்கள், கையிலேயே தெரியும். சட்டத்தின் முனை அந்த எலும்புக்கு 2 விரல் பின்னால் இருக்க வேண்டும். சேணத்தின் வெளியே தெரியும் தோல் மடல் தோள்மேல் வருவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள், கணக்கு உள்சட்டத்துக்குத்தான்.

மற்றவை சுலபம். மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே 2, 3 விரல் இடைவெளி, ஆள் ஏறிய பிறகும் அது அடைபடக் கூடாது. பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பு நெடுக வெளிச்சம் தெரிய வேண்டும். குதிரைக்கு விலா 18 ஜோடி. கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போனால் பாரம் இடுப்பில் இறங்கும். சேணத்தின் அடிப்பக்க மெத்தைக்கு அடியில் கையை ஓட்டுங்கள். நடுவில் மட்டும் லொடலொடத்தால் பாரம் முழுக்க இரண்டு முனையிலும் விழுகிறது என்று அர்த்தம்.

வயிற்றுவார் குதிரையின் முழங்கைக்கு (முன்னங்கால் உடம்போடு சேரும் மூட்டு) ஒரு உள்ளங்கை அகலம் பின்னால் வரட்டும். ஒரேயடியாக இறுக்காதீர்கள். மூன்று தடவையாக இறுக்கி, பத்தடி நடத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

அரை மணி நேரம் ஓட்டியபின் வியர்வையைப் பாருங்கள். மெத்தை பட்ட இடம் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். நடுவே திட்டாகக் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம், இல்லாவிட்டால் மெத்தை அங்கே படவே இல்லை. வெள்ளை மயிர் முளைத்திருந்தால் பழைய சேணம் அங்கே புண்ணாக்கியிருக்கிறது.

பிறகு சேர்த்தது: சேணம் இறுக்கமாக இருக்கிறது, தடித்த ஸ்பாஞ்ச் போடலாமா என்று சூளகிரி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். கடிக்கிற ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்ட மாதிரி ஆகும். மெல்லிய கம்பளியே என் தேர்வு. விலை உயர்ந்த அளவுகோலும் வேண்டாம். தடித்த அலுமினியக் கம்பியைத் தோளுக்குப் பின்னால் முதுகின்மேல் வளைத்து, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிச் சேணத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். மேய்ச்சல் காய்ந்து உடம்பு இறங்கிய பங்குனியில் நான் வெட்டிய அட்டை, புல் தின்று தேறிய கார்த்திகையில் பொருந்தவில்லை. மறுபடி ஒன்று வெட்டி, இரண்டு அட்டையிலும் தேதி எழுதிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன்.