கேட்பாரற்ற குதிரை என்று புகார் கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வந்தவர்கள் இந்தக் காட்சியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சாலையோரக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு ஒரு மட்டக்குதிரை எதையோ மென்றுகொண்டிருக்கும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அதற்குச் சொந்தக்காரர் மாதிரி யாரும் தெரிய மாட்டார்கள். பார்த்தவர் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுப்பார், "கேட்பாரற்றுத் திரியும் குதிரை, யாராவது காப்பாற்றுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார், கையில் இருக்கும் பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மனசு நல்ல மனசுதான். ஆனால் அந்தக் குதிரைக்கு இதனால் ஒரு நன்மையும் வந்து சேர்வதில்லை, பல நேரங்களில் கெடுதலே நடக்கிறது.

இதில் பெரிய தவறு, குதிரைக்கு உரிமையாளர் இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுவது. மலைவாசஸ்தலங்களில் சவாரிக் குதிரைகளை வேலை முடிந்ததும் அவிழ்த்துவிட்டுவிடுவது நெடுநாள் பழக்கம். தீனிச் செலவு மிச்சம். ஊருக்குள் மேய்ந்துகொள்ளட்டும், தேவைப்படும்போது பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. ஆகவே நகரத்துக்குள் தனியாக நிற்கும் குதிரைக்கு ஓர் உரிமையாளர் இருக்கவே வாய்ப்பு அதிகம். வயதாகியோ கால் முடங்கியோ சவாரிக்கு ஆகாமல் போனதும் ஒரேயடியாகக் கைகழுவப்பட்ட குதிரைக்கும் நேற்று வரை ஓர் உரிமையாளர் இருந்திருப்பார்.

இது ஏன் முக்கியம்? 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பாருங்கள். விலங்குக்குப் போதிய தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் தராத உரிமையாளர் குற்றவாளி. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது குற்றம். நோயுற்ற அல்லது ஊனமான விலங்கைத் தெருவில் கிடந்து சாகவிடும் உரிமையாளரும் குற்றவாளி. எல்லாமே ஓர் ஆளை நோக்கித்தான் விரல் நீட்டுகின்றன. புகாரில் நாமே "உரிமையாளர் இல்லாத குதிரை" என்று எழுதிக்கொடுத்தால், அந்த ஆளைத் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போகிறது. தப்பிக்க வழி செய்து கொடுப்பது நாம்தான். "உரிமையாளர் யார் என்று எனக்குத் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அதுதான் உண்மையும்கூட.

அப்புறம், ஆள் வளர்த்த குதிரை என்பதற்கான அடையாளங்களைத் தேடுங்கள். பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். குளம்பில் லாடம் இருக்கிறதா? மூக்குத் தண்டின் குறுக்கேயும் காதுகளுக்குப் பின்னாலும் முடி தேய்ந்து ஒரு கோடு போல இருந்தால், அது தலைக்கயிறு கட்டிய தடம். முதுகில், சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டுகள் தெரிகின்றனவா? சேணம் அழுத்திப் புண்ணாகி ஆறிய இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். பழுப்புக் குதிரையின் முதுகில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைத் திட்டு இருந்தால், அது சவாரிக்கு உழைத்த குதிரை என்று அந்த முதுகே சாட்சி சொல்கிறது. கத்தரித்த பிடரி, கழுத்தில் அறுந்து தொங்கும் கயிறு, தோலில் சூடு போட்ட குறி எல்லாவற்றையும் படம் எடுங்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எத்தனை நாளாக இங்கே நிற்கிறது, இரவில் யாராவது வந்து பிடித்துப் போகிறார்களா என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மனிதருக்குச் சொந்தமில்லாமல் வாழும் குதிரைகளும் உண்டு, அது வேறு கதை. கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்களோடு மேயும் மட்டக்குதிரைகளும், இலங்கையில் நெடுந்தீவின் குதிரைகளும் தலைமுறை தலைமுறையாகக் காட்டுப்போக்கில் வாழ்பவை. அங்கே ஒரு குதிரை அடிபட்டுக் கிடந்தால் கோடியக்கரையில் வனத்துறையிடமும் நெடுந்தீவில் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும்தான் சொல்ல வேண்டும். அங்கே குட்டி தனியாக நிற்கிறதே என்று தூக்கிவர நினைப்பதும் தவறு. தாய் பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும்.

அடுத்த தவறு, உடம்பைத் தப்பாகப் படிப்பது. குதிரை படுத்திருந்தாலே செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறுகிறவர்கள் நிறைய. குதிரை நின்றுகொண்டே உறங்கும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரம் படுக்கத்தான் செய்யும். குட்டிகள் இன்னும் அதிகமாகப் படுக்கும். பின்னங்கால் ஒன்றை மடக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்பது ஓய்வு. முன்னங்கால் ஒன்றை முன்னே நீட்டி, பாரத்தைப் போடாமல் நின்றால் அது வலி. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். எழ முயன்று முடியாமல் விழுவது ஆபத்து. திரும்பத் திரும்பப் புரள்வது, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்ப்பது, வியர்த்துக் கொட்டுவது இவையெல்லாம் வயிற்றுவலியின் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் காத்திருக்க நேரமில்லை.

மெலிவை அளப்பதிலும் கவனம் வேண்டும். மலைக் குளிரில் முடி அடர்ந்து வளர்ந்துவிட்டால் விலா எலும்பு தெரியாது, குதிரை கொழுகொழுவென்று இருப்பதாகத் தோன்றும். குடற்புழு உள்ள குதிரையின் வயிறு தொங்கிப் பெருத்திருக்கும், சினை என்று நினைத்துக்கொள்வோம். அதனால் வயிற்றைப் பார்க்காதீர்கள். முதுகெலும்பின் மேல்கோடு, இடுப்பெலும்பின் முனைகள், வாலின் அடிப்பக்கம், கழுத்து இவற்றைப் பாருங்கள். அங்கே சதை வற்றிக் குழி விழுந்திருந்தால் குதிரை உண்மையிலேயே பட்டினி. குளம்பு நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தால் பல மாதங்களாக யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, பட்டினி என்று தெரிந்துவிட்டது. உடனே தீனி போடலாமா? பாசத்தால் செய்கிற தவறுகளில் குதிரையின் உயிரையே வாங்கக்கூடியது இதுதான். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்து ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கொள்ளு, தவிடு, ரொட்டி, வாழைப்பழம், சோறு என்று மாவுச்சத்தும் சர்க்கரையும் திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் ஏறும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயமும் மூச்சும் தடுமாறி, சில நாட்கள் கழித்துக் குதிரை விழுந்து இறந்துபோகலாம். தீனி போட்டவர் அதற்குள் ஊருக்குத் திரும்பியிருப்பார், தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

பட்டினி இல்லாத குதிரைக்கும் ரொட்டியும் பிஸ்கட்டும் ஆகாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நடுவில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைவரை போகும். பிளாஸ்டிக் கவரோடு தீனியை வைத்துவிட்டு வருவது அதைவிட மோசம். வாளியில் சுத்தமான தண்ணீர் வைக்கலாம். வளர்ந்த குதிரை நாளொன்றுக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும், சின்னக் கிண்ணத்தில் வைப்பதால் பிரயோஜனமில்லை. கொஞ்சம் காய்ந்த புல் கொடுக்கலாமா, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரிடம் போனிலாவது கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தொடுவதையும் தவிர்த்துவிடுங்கள். முகத்துக்கு நேர் முன்னால் மிக அருகிலும், நேர் பின்னாலும் இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது, அங்கிருந்து நெருங்கினால் மிரண்டு உதைக்கும். வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் திணறும் குதிரையைப் பார்த்து, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடப்போகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தெருநாய் கடித்து வெறிநோய் வந்த குதிரையும் அப்படித்தான் இருக்கும். மூக்கில் கெட்டியான சளியும் தோலில் கட்டிகளும் இருந்தால் அது கிளாண்டர்ஸ் என்ற தொற்றாகவும் இருக்கலாம். அது மனிதருக்கும் பரவும்.

சாலை நடுவில் நிற்கிறது என்று ஹாரன் அடித்தோ குச்சியைக் காட்டியோ விரட்டினால் அது மிரண்டு வண்டிகளுக்குள்தான் பாயும். கொண்டை ஊசி வளைவில் இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, விளக்கை எரியவிட்டு, மேலே இருந்து வருபவர்களுக்குச் சைகை காட்டிவிட்டு 112க்கு அழையுங்கள். பரிதாபப்பட்டு வீட்டுக்கோ தோட்டத்துக்கோ ஓட்டிக்கொண்டு போவதும் கூடாது. நாளைக்கு உரிமையாளர் வந்து திருட்டுப் புகார் கொடுத்தால் குற்றவாளி நீங்கள், பட்டினி போட்டவர் பாதிக்கப்பட்டவர்!

இனி புகார். தமிழ்நாட்டில் காயம்பட்ட, எழ முடியாத குதிரை என்றால் முதல் அழைப்பு 1962, கால்நடை மருத்துவ அவசர ஊர்திக்கு. ஊருக்குள் திரிகிறது, ஆபத்தான நிலையில் இல்லை என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி. பட்டினி, பழைய புண்கள், கைவிட்டதற்கான அறிகுறிகள் என்றால் காவல் நிலையத்திலும், மாவட்ட மிருகவதைத் தடுப்புச் சங்கத்திலும் எழுத்துமூலம் கொடுங்கள். யாராவது வேண்டுமென்றே வெட்டியோ அடித்தோ ஊனமாக்கியிருந்தால் அதைத் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள். அது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

"ஏரிக்கரையில் ஒரு பழுப்புக் குதிரை" என்று சொன்னால் போகிறவர் எந்தக் குதிரையைத் தேடுவார்? அங்கே பத்து பழுப்புக் குதிரைகள் நிற்கும். நெற்றியில் வெள்ளை உண்டா, எந்தக் கால் வெள்ளை, ஆணா பெண்ணா, குட்டி கூட இருக்கிறதா என்று சொல்லுங்கள். கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்து அனுப்புங்கள். இரண்டு பக்கமும் பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய ஒவ்வொரு படம், முகம் ஒன்று, குளம்புகள் ஒன்று, காயத்துக்கு அருகில் ஒன்று, சுற்றுப்புறம் தெரிய ஒன்று. பக்கத்தில் தண்ணீரோ புல்லோ இருக்கிறதா என்பது அந்தக் கடைசிப் படத்தில்தான் தெரியும். குளம்பைப் படம் எடுக்கக் காலடியில் போய் உட்கார வேண்டாம், தூரத்தில் நின்றே பெரிதாக்கி எடுங்கள்.

தேதி மிக முக்கியம். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்தாக வேண்டும். எனவே என்று, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பது மனுவில் இருக்கட்டும். உள்ளூர்க்காரர் என்றால் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி படம் எடுத்து வையுங்கள், நிலைமை மோசமாகிக்கொண்டே போவதை அது காட்டும். காவல் நிலையத்தில் புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். இத்தனை காலம் கழித்தும் இவ்வளவு குறைவாக இருப்பது வேதனை. ஆனால் மூன்று ஆண்டுக்குள் இரண்டாவது முறை குற்றம் செய்து அது நிரூபணமானால் மூன்று மாதம்வரை சிறைவாசம் கிடைக்கலாம். முதல் வழக்கு பதிவானால்தானே இரண்டாவது என்ற ஒன்று வரும்? ஐம்பது ரூபாய்க்கு எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் முடியும்வரை சமூக வலைத்தளத்தில் இடத்தைப் போட்டுவிடாதீர்கள். பதிவு பரவியதும் உரிமையாளர் குதிரையை வேறு இடத்துக்கு ஓட்டிவிடுவார், அதிகாரி வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அப்படியே ஒருநாள் குதிரை காணாமல் போனாலும் புகாரை முடிந்துபோனதாக விடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து காணவில்லை என்று அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக்கொடுங்கள். நகராட்சி பிடித்துப் போனதா, உரிமையாளர் ஓட்டிப் போனாரா, எங்கே அடைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நகராட்சி பிடித்திருந்தால், உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கும் முன் கால்நடை மருத்துவர் பரிசோதித்து எழுதிய அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.