ஐதரசன் தண்ணீர் குடிக்கப் போகிறீர்களா? முதலில் அளவுநாடாவை எடுங்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் சாமான்களில், தண்ணீரில் ஐதரசன் வாயுவைக் கரைத்துத் தரும் ஐதரசன் போத்தலும் குளிசையும் இப்போது சேர்ந்துவிட்டன. "டீச்சர், இதைக் குடிச்சா சீனி இறங்குமாம், ரத்தக்குழாய் சுத்தமாகுமாம், உண்மையா?" என்று கல்லடியில் என்னைக் கேட்காத வீடு குறைவு. இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பது ஒரு காரணம். எனக்கும் பிரஷரும் சீனியும் இருப்பது இன்னொரு தகுதி!

முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். சாரன் கட்டும் இடத்தில் அல்ல, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில். எங்கள் தெற்காசிய உடம்புக்கு ஆண் என்றால் 90 சென்டிமீற்றர், பெண் என்றால் 80 எல்லை. அதோடு பிரஷர் 130/85, வெறுவயிற்றுச் சீனி 100, ட்ரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பு 150 (இரண்டும் மி.கி./டெ.லீ.). இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கணக்கில் வரும். நல்ல கொலஸ்ட்ரோல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் குறைவதும் அப்படித்தான். ஐந்தில் மூன்று இருந்தால் அதைத்தான் மெட்டபொலிக் சின்ட்ரோம் என்கிறார்கள்.

இந்த நிலையில் ரத்தக்குழாயின் உட்சுவர்தான் முதலில் அடிபடும். குழாயைத் தளர்த்தி விரியவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டை அந்தச் சுவர் சுரக்கிறது. சீனியும் கொழுப்பும் கூடும்போது உண்டாகும் மூலிகங்கள், அதாவது எதையும் தாக்கும் நிலையற்ற துணிக்கைகள், அதை அழித்துவிடும். ஐதரசன் மிகக் கொடிய ஐதரொட்சில் மூலிகத்தைத் தேடி அடக்குகிறது என்று 2007இல் யப்பானிய ஆய்வாளர்கள் எழுதியதிலிருந்துதான் இந்தத் தண்ணீருக்கு மவுசு வந்தது. ஆனால் அது கலங்களிலும் எலிகளிலும் பார்த்தது. மனிதரில் 2010இல் 20 பேர் 8 வாரம் குடித்தார்கள்; ஒப்பிட வேறு குழு இல்லை. 2020இல் 60 பேரை 24 வாரம், போலித் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கொலஸ்ட்ரோலும் சீனியும் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் ஆட்கள் கொஞ்சம்.

விற்பவர்கள் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த 60 பேரில் ஐதரசன் குடித்தவர்களுக்கு நாளுக்கு 5.5 மில்லிமூலுக்கு மேல் போனது, அதாவது சுமார் 11 மில்லிகிராம். சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் தண்ணீரில் கரைவதே 1.6 மில்லிகிராம். அந்தத் தண்ணீரில் இந்த அளவை எட்ட ஏழு லீற்றர் வேண்டும், யாரால் முடியும்? அதனால் குளிசையோ போத்தலோ வாங்கும்போது ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள். 'அல்கலைன்' (காரத் தண்ணீர்) என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஐதரசன் இருக்கவேண்டும் என்றில்லை.

குளிசை என்றால் அதில் மக்னீசியம் இருக்கிறது. தண்ணீரோடு சேர்ந்து வாயுவை விடும். பெட்டியில் சொன்னபடி கரைத்து உடனே குடியுங்கள். திறந்த சோடாப் போத்தல் மாதிரி, வைத்தால் வாயு போய்விடும். பிரிஜ்ஜில் வைத்து நாளைக்குக் குடிப்பதும் சூடாக்கித் தேத்தண்ணி போடுவதும் காசை வீணாக்கும் வேலை. மின்சாரத்தில் ஓடும் போத்தலுக்குக் கடற்கரைக் கிணற்று உவர்த் தண்ணீர் வேண்டாம். உப்பில் மின்சாரம் பாய்ந்தால் குளோரீனும் வரலாம். குழாய்த் தண்ணீரை வடிகட்டி விடுங்கள். இளநீர், பழச்சாறு எதையும் அதற்குள் ஊற்றவேண்டாம். அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள், ஐதரசன் பற்றிக்கொள்ளும் வாயு.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் மக்னீசியக் குளிசையைத் தொடவே கூடாது. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் நான்கு மணித்தியால இடைவெளி விடுங்கள். வயிறு இளகினால் நிறுத்துங்கள். சீனிக்கு எடுக்கும் மெட்போர்மினையும் பிரஷர் குளிசையையும் மட்டும் விடவேண்டாம். அதுதான் எனக்குப் பெரிய பயம்.

தொடங்கும் முன் ஒரு வாரம் பிரஷரை எழுதி வையுங்கள். காலையில், தேத்தண்ணிக்கு முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்கவேண்டும். எச்பிஏ1சியும் (சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கொலஸ்ட்ரோலும் எடுத்து வைத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். இடையில் சோற்றையும் குறைத்து, கல்லடிப் பாலத்தில் நடக்கவும் தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சரி, அப்படியானால் நடையை வைத்துக்கொண்டு ஐதரசன் குளிசையை மட்டும் நிறுத்திப் பாருங்கள், காசும் மிச்சம். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு குளிசைப் பெட்டியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.