புது கார்: முதல் ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்டுவது?

ஷோரூமிலிருந்து கார் நேராகக் கோயிலுக்குத்தான் போகும். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம், குங்குமம், முன்னால் ஒரு மாலை. எல்லாம் முறைப்படி செய்யுங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே கழுவிவிடுங்கள். நான் கலைக்க மனசு வராமல் மூன்று நாள் வெயிலில் அப்படியே விட்டுவைத்தேன். வெள்ளை பெயின்ட்டில் குங்குமம் இறங்கி, பாலிஷ் போட்ட பிறகும் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் நின்றுவிட்டது. விபூதியைக் காய்ந்த நிலையில் துணியால் துடைக்கவே கூடாது. கைக்கு மாவு மாதிரி இருந்தாலும் பெயின்ட்டை அது தேய்க்கும், சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் சிலந்தி வலை போலக் கோடுகள் தெரியும். தினமும் காலையில் தூசியை வறட்டுத் துணியால் தட்டித் துடைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள், அப்புறம் கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணி. பறவை எச்சம் இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்காத கார் நம் ஊரில் குறைவு. பக்கத்து சீட்டுக்கு எதிரே ஏர்பேக் என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகத்தில் சிலை நேராக முகத்துக்குத்தான் வரும். சீட் கவர் மாட்டுவதற்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள், பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது, தடிமனான கவர் அதை மறித்துவிடும்.

சரி, ஓட்டுவதற்கு வருவோம். இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்துவது இந்த முதல் ஆயிரம் கிலோமீட்டரில்தான், அதனால் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காமல், பெட்ரோல் காராக இருந்தால் பொதுவாக 3000 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) வைத்து, வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியும் கொஞ்சம் இறக்கியும் ஓட்டுங்கள். நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் மூன்று மணி நேரம் போவது இப்போது வேண்டாம். மெதுவாகப் போகிறேன் என்று ஐந்தாவது கியரில் 35-இல் உருட்டுவதும் தவறு, இன்ஜின் திணறும், அது வேகமாக ஓட்டுவதைப் போலவே கெடுதல். உங்கள் காருக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி. பிரேக் பேடும் டயரும்கூட இன்னும் பழகவில்லை. புது டயரின் மேல் வழுக்கும் பூச்சு கொஞ்சம் இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, அதுவும் மழை ரோட்டில், முன்வண்டிக்கு வழக்கத்தைவிட இடைவெளி விடுங்கள்.

நமக்குப் பெரிய சிக்கல் இடதுபக்கம். வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது இடது சக்கரம் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, புது கார்களின் முதல் கீறல் பெரும்பாலும் இடது கதவிலோ பம்பரிலோ விழுவது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானத்துக்குப் போய், தரையில் சுண்ணாம்பால் நீளமாக ஒரு கோடு போடுங்கள். இடது சக்கரம் சரியாகக் கோட்டின்மேல் நிற்கும்படி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லி, காரை நிறுத்துங்கள். இப்போது சீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கோடு முன்கண்ணாடியின் கீழே ஏதோ ஓரிடத்தில், பல கார்களில் டேஷ்போர்டின் நடுப்பகுதிக்கு அருகில், வந்து முட்டும். அங்கே ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அந்தப் புள்ளியைக் கோட்டோடு சேர்த்து இருபது முறை ஓட்டுங்கள். ஒரு வாரத்தில் ஸ்டிக்கரே தேவைப்படாது, சந்துக்குள் நுழையும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. சீட்டின் உயரத்தை மாற்றினால் புள்ளியும் மாறும், அதனால் முதலில் சீட்டைச் சரிசெய்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

அதே மைதானத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நின்று, கிளட்ச் பிடித்ததும் அதை விடுவித்துக் கிளப்பவும் பழகிக்கொள்ளுங்கள். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் தேய்ந்துவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் எங்கும் போய்விடாது, இந்தப் பழக்கம் வந்த பிறகு போங்கள்.

டயர் காற்றை பங்க்கில் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பார்த்தால் சூட்டில் அளவு கூடத்தான் காட்டும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டெலிவரி எடுத்த வாரமே இதைப் பார்த்துவிடுங்கள், ஷோரூமிலிருந்து வரும் கார்களில் காற்று அதிகமாக இருப்பது உண்டு.

மழையில் தெருவில் தண்ணீர் ஏறி, கார் அதில் நின்றுவிட்டால் மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே உள்ளே பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்து இன்ஜின் போய்விடும். தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பேப்பரில் இரண்டு தேதி இருக்கும், இரண்டையும் படியுங்கள். புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) 3 வருடத்துக்கு வருகிறது, ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் 1 வருடம்தான். 3 வருடம் என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவது வருடம் சொந்தச் சேதக் காப்பீடு இல்லாமலே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வருடத் தேதியை, பத்து நாள் முன்னதாக, இப்போதே போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள்.