நெஸ்ஸி நகங்கள்: நீலம் வேண்டாம், கடுங்காப்பி நிறம் எடுங்கள்

லாக் நெஸ் ஏரியில் வாழ்வதாகக் கதையாகச் சொல்லப்படும் நீளக் கழுத்து விலங்கு நெஸ்ஸியை நகத்தில் வரையப் போகிறோம். ஏரி என்றதும் நீல பாலிஷ் பாட்டிலைத் தேடாதீர்கள். ஸ்காட்லாந்தின் அந்த ஏரியில், சுற்றியுள்ள மலைகளிலிருந்து பீட் மண் (செடிகொடிகள் மக்கி உருவான கரும்பழுப்பு மண்) அடித்து வந்து கலந்து தண்ணீரே கடுங்காப்பி நிறத்தில்தான் கிடக்கும், ஆழமோ 230 மீட்டர் வரை போகிறது. கொஞ்சம் கீழே இறங்கினாலே எதுவும் தெரியாத அந்த இருட்டுதான் இந்தக் கதைக்கு உயிர். நீலம் அடித்தால் வருவது ஏதோ ஒரு டைனோசர், நெஸ்ஸி இல்லை.

தேவையானவை: பேஸ் கோட், வெளிர் சாம்பல், அடர் பழுப்பு நெயில் பாலிஷ்கள், மேக்கப் ஸ்பாஞ்ச், நீளமான மெல்லிய லைனர் பிரஷ், கறுப்பு, வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட், மேட் (பளபளப்பில்லாத) டாப் கோட், பளபள டாப் கோட். பழுப்பு நகத்தில் கறை விடும் என்பதால் பேஸ் கோட்டைத் தவிர்க்காதீர்கள்.

1. எல்லா நகத்திலும் சாம்பல், இரண்டு கோட். நன்றாகக் காயட்டும்.

2. ஸ்பாஞ்சை நனைத்து இறுக்கிப் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாலிஷையெல்லாம் அதுவே குடித்துவிடும். பழுப்பையும் சாம்பலையும் பக்கத்துப் பக்கத்தில் கோடாகத் தடவி நகத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். நகத்தின் அடியில் பழுப்பு, நுனிப்பக்கம் சாம்பல். இழுக்காதீர்கள், ஒற்றினால்தான் நடுவில் பனிமூட்டம் வரும்.

3. இனி நெஸ்ஸி, கறுப்பு அக்ரிலிக் பெயிண்டில் லைனர் பிரஷால். ஆள்காட்டி விரலில் தலையும் கழுத்தும், நடுவிரலிலும் மோதிர விரலிலும் ஒவ்வொரு திமில், சுண்டுவிரலில் வால் நுனி. இரண்டு கையிலும் தலை கட்டைவிரலைப் பார்க்கட்டும், கைகளைச் சேர்த்து வைத்தால் இரண்டும் எதிரெதிரே நிற்கும். கட்டைவிரலில் ஏரிக்கரையில் இடிந்து நிற்கும் அர்கார்ட் கோட்டையின் கோபுரம், கறுப்பு நிழலாக.

கழுத்து தண்ணீரைத் தொடும் இடத்தில் அவசரப்படாதீர்கள். 1934-இல் டெய்லி மெயில் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் வந்த நெஸ்ஸியின் புகழ்பெற்ற படம் பொம்மை நீர்மூழ்கியில் தலையைப் பொருத்தி எடுத்த மோசடி என்று பின்னால் தெரிந்துவிட்டது. ஆனாலும் அத்தனை வருடம் ஊரே நம்பியதற்குக் கழுத்தைச் சுற்றியிருந்த நீர் வளையங்களும் ஒரு காரணம் என்பேன். கறுப்பில் துளி வெள்ளை கலந்து இரண்டு மூன்று வளைகோடுகள், முடியளவு மெல்லிசாகப் போடுங்கள். அவை இல்லாவிட்டால் கழுத்து தண்ணீருக்குள்ளிருந்து வந்தது போலவே இருக்காது.

4. டாப் கோட். பலருக்கும் எல்லாம் பாழாவது இங்கேதான், என்னையும் அதிகம் படுத்திய இடம் இது. கறுப்பு பாலிஷால் வரைந்தால், டாப் கோட்டில் இருக்கும் கரைப்பான் வரைந்த கோடுகளையும் கரைக்கும், பிரஷ் பட்டதும் கழுத்து வாலோடு சேர்ந்து சாம்பலுக்குள் ஓடிவிடும். அதனால்தான் அக்ரிலிக் பெயிண்ட் என்று அடித்துச் சொல்கிறேன். நீரில் கலக்கும் அந்த பெயிண்ட் காய்ந்துவிட்டால் டாப் கோட்டுக்குக் கரையாது. அப்போதும் பிரஷில் பெரிய சொட்டாக எடுத்து நகத்தில் வைத்து அந்தச் சொட்டை மட்டும் நகர்த்துங்கள், மயிர் நகத்தைத் தொடவே கூடாது.

முதலில் முழுக்க மேட். அது காய்ந்ததும் தண்ணீர்ப் பகுதிக்கு மட்டும் பளபள டாப் கோட். மேலே மங்கலான பனி, கீழே ஈரமாக மின்னும் ஏரி. கிளிட்டர் பக்கம் போகவே வேண்டாம், அந்த இருட்டைக் கெடுத்துவிடும்.

செய்து பார்த்தவர்கள் கேட்டதற்காகச் சேர்க்கிறேன். நகம் குட்டையாக இருந்தால் கோட்டையை விட்டுவிட்டு ஒரு விரலில் தலை, ஒரு விரலில் திமில் போதும், மற்றவை வெறும் தண்ணீராக இருக்கட்டும். அக்ரிலிக் உரிந்து வருகிறது என்றால் பெயிண்டைத் தடிமனாக வைத்திருக்கிறீர்கள். ஒரு துளி தண்ணீர் விட்டு இளக்கி வரையுங்கள், டாப் கோட்டை நக நுனியின் விளிம்பையும் மூடும்படி இழுத்துவிடுங்கள்.