ஓசி சாப்ட்வேர்தான், ஆனால் லைசென்ஸைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலை வைத்திருக்கும் ஒருவர் கேட்டார்: "ஓப்பன் சோர்ஸ்னா ஓசிதானே, அப்புறம் என்ன லைசென்ஸு?" ஓசிதான், அதன் சோர்ஸ் கோடும் (சாப்ட்வேரை எழுதிய நிரல்வரிகள்) திறந்தே இருக்கும். ஆனால் லைசென்ஸில், அதாவது உரிமத்தில், நிபந்தனை உண்டு, அது எப்போது நம்மைப் பிடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு, சரக்கு நிர்வாக சாப்ட்வேர் ஜிபிஎல் 3 என்ற உரிமத்தில் வருகிறது. லோடு எடை, விவசாயிக்குக் கொடுத்த அட்வான்ஸ், டின் கணக்கு என்று உங்கள் ஆலைக்கு ஏற்றபடி அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்குள் ஓடும் வரை யாருக்கும் சோர்ஸ் கோடைக் காட்ட வேண்டியதில்லை. மாற்றியதைப் பக்கத்து ஆலைக்குக் கொடுத்தால்தான் கதை மாறும். காசு வாங்கலாம், தப்பில்லை. ஆனால் சோர்ஸ் கோடும் அதே ஜிபிஎல் உரிமமும் அவருக்குப் போய்ச் சேர வேண்டும், "வேறு யாருக்கும் தராதே" என்று அவரைக் கட்டிப்போட முடியாது.

ஓடூ என்ற, இதே மாதிரியான இன்னொரு சாப்ட்வேரில்தான் பலர் வழுக்குகிறார்கள். அதன் இலவச கம்யூனிட்டி பதிப்பு எல்ஜிபிஎல் 3 (ஜிபிஎல்லின் தளர்வான வடிவம்). என்டர்பிரைஸ் பதிப்பு காசு கட்டி வாங்குவது, அதன் மாட்யூலை (கூடுதல் வசதிக்கான துண்டு) யாராவது பென் டிரைவில் 'சும்மா' கொண்டுவந்தால் அது திருட்டுச் சரக்கு. வெளியே இலவசமாகக் கிடைக்கும் மாட்யூல்களில் நிறைய ஏஜிபிஎல் 3 (ஜிபிஎல்லின் இன்னும் கறாரான வடிவம்). அதை நீங்கள் மாற்றி, மண்டிக்காரர்கள் போனில் லாகின் செய்து பார்க்கும்படி விட்டால், பிரதியே கொடுக்காவிட்டாலும் அவர்களுக்கு சோர்ஸ் கிடைக்க வழி செய்ய வேண்டும். அதனால் ஒவ்வொரு மாட்யூலின் விவரமும் இருக்கும் மேனிபெஸ்ட் கோப்பிலும் லைசென்ஸ் வரியைத் தனித்தனியாகப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

எம்ஐடி உரிமம் என்றால் பதிப்புரிமை (காப்பிரைட்) வரியையும் உரிம வாசகத்தையும் அழிக்காமல் விட்டால் போதும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் இன்னொன்று: 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாப்ட்வேரில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது. கோடு கையில் இருக்கிறது என்று அதில் கை வைக்காதீர்கள், ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம், ஓசூரிலிருந்து வந்து போட்டுக்கொடுக்கும் பையன் ஈஆர்பிநெக்ஸ்டையே திருத்தி உங்களிடம் தருகிறான் என்றால், அப்படித் தருவதும் பக்கத்து ஆலைக்குக் கொடுப்பது போல விநியோகம்தான். "சோர்ஸ் என்னுடையது, தர மாட்டேன்" என்று அவன் சொல்ல முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதை எழுதி வாங்குங்கள். கோடு கைக்கு வந்ததும், வேறொரு கணினியில் வேறொரு ஆளை வைத்து அதை நிறுவி, ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.