ட்யூஷன் எடுக்கப் போகிறீர்களா? பிள்ளைக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுக்கும் முறை

"இவன் பார்த்துப் படிக்கிறவன், அவள் கேட்டுப் படிக்கிறவள், அதற்குத் தகுந்த மாதிரி சொல்லிக்கொடுங்கள்" என்று புதிதாக ட்யூஷன் எடுப்பவர்களுக்கு யாராவது அறிவுரை சொல்வார்கள். நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992-இல் முன்வைத்த 'வார்க்' வகைப்பாடு இப்படித்தான் பிள்ளைகளைப் பிரிக்கிறது. ஆனால் ஹரால்ட் பாஷ்லரும் அவருடைய சக உளவியலாளர்களும் 2008-இல் ஆய்வுகளை அலசிப் பார்த்து, வகை பிரித்துக் கற்பிப்பதால் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். அதனால் பிள்ளைக்கு முத்திரை குத்தாதீர்கள். எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள்.

படி 1: கேளுங்கள்

1/2 + 1/3 கொடுங்கள். ஒரு பிள்ளை 2/5 என்று எழுதும். உடனே திருத்தாமல், "எப்படிப் போட்ட, சொல்லு" என்று கேளுங்கள். "மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன்" என்று வரும். இன்னொரு பிள்ளை மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 6 என்று சரியாக எடுத்துவிட்டு, தொகுதியை (மேலே உள்ள எண்ணை) மாற்ற மறந்து 2/6 என்று எழுதியிருக்கும். இரண்டும் தப்புதான், ஆனால் மருந்து வேறு.

படி 2: வழியை மாற்றுங்கள்

முதல் பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்ன என்பதே பிடிபடவில்லை. 12 செ.மீ. நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டிக் கொடுங்கள். ஒன்றை இரண்டாக மடித்தால் 6 செ.மீ., மற்றதை மூன்றாக மடித்தால் 4 செ.மீ. இரண்டையும் நீளவாக்கில் ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தால் 10 செ.மீ. அப்புறம் கேளுங்கள்: "5-ல பாதி இரண்டரை. அப்போ 2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா? பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா குறையுமா?"

பிள்ளை பட்டையையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது குறுக்கே பேசிவிடாதீர்கள். ட்யூஷனில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது.

இரண்டாவது பிள்ளைக்குப் பட்டை தேவைப்படாது. ஒரு கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுங்கள். அடுத்ததில் தொகுதி மாற்றும் வரியை மட்டும் காலியாக விட்டு, நிரப்பச் சொல்லுங்கள்.

படி 3: நோட்டுக்கு வாருங்கள்

பட்டையோடு நின்றுவிட்டால் தேர்வில் கை ஓடாது. 10 செ.மீ. என்பது 10/12, சுருக்கினால் 5/6. இதை இருவரும் தங்கள் கையால் எழுதட்டும்.

படி 4: இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்

பட்டை இல்லாமல் 1/4 + 1/3 கொடுங்கள். 7/12 வந்தால் சரி. 2/7 வந்தால் மறுபடி பட்டையை எடுங்கள். இந்தத் தடவை வெட்டுவதும் மடிப்பதும் உங்களுக்கு விளக்கிச் சொல்வதும் பிள்ளையாகவே இருக்கட்டும்.