ஊராட்சிக்குக் காற்றாலையா, சோலாரா? முதலில் நிலத்தைப் பாருங்கள்

ஊராட்சியே மின்சாரம் தயாரிக்கலாம் என்று கிராம சபையில் பேச்சு எழுந்தால், எல்லோரும் முதலில் செலவைத்தான் கேட்பார்கள். நான் தாராபுரம் பக்கம். விலையை அப்புறம் கேளுங்கள். உங்கள் ஊர் மலைக்கு எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. கணவாய் கிடைத்த இடத்தில் காற்று வேகமெடுத்து இந்தப் பக்கம் பாய்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பல்லடத்துக்கும், செங்கோட்டை வழியாகத் தென்காசி, சுரண்டைக்கும், ஆரல்வாய்மொழி வழியாக முப்பந்தலுக்கும் வருகிறது. காற்றாலைகள் அங்கெல்லாம் கூட்டமாக நிற்பது அதனால்தான். வரைபடத்தில் உங்கள் ஊரைக் குறித்துவிட்டு, வெட்டவெளியில் தனியாக நிற்கிற ஒரு பழைய மரத்தைப் போய்ப் பாருங்கள். மேற்குப் பக்கம் கிளையே இல்லாமல், இருப்பதெல்லாம் கிழக்கே வாரிவிட்ட மாதிரி இருந்தால் அங்கே வருஷக்கணக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. ஆனால் மரத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஒரு வருஷமாவது கருவி வைத்துக் காற்றை அளந்த கணக்கு கையில் வேண்டும்.

காற்று இல்லாத ஊரா? ஓடந்துறையைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் ஊராட்சி. 2006ல் சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். அதை நிறுத்திய இடம் ஓடந்துறை இல்லை, உடுமலைப் பக்கம் மைவாடி! தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. எங்கள் ஊர் எல்லைக்குள்தான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்காததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சோலார் என்றால் காற்றைப் பற்றிக் கவலையில்லை, நிலத்தைப் பற்றித்தான் கவலை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருக்கும் 648 மெகாவாட் சோலார் மின்நிலையத்துக்குச் சுமார் 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. காற்றாலைக்கு அடியில் ஆடு மேயும், சோளம் விளையும். நெருக்கமாகப் பேனல் பரப்பிய இடத்தில் அது கஷ்டம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை, வெளியூர்க்காரர்கள் தரிசு என்று நினைத்துவிடுகிறார்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மலைமறைவில் மழை குறைந்த இந்த மண்ணில் காங்கேயம் மாடு வளர்வதே அந்தப் புல்லால்தான். அதனால் தீர்மானம் போடுவதற்கு முன்னால், பட்டாதாரரோடு சேர்த்து அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்து மேய்க்கிறவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். இதை விட்டுவிட்டுச் செய்கிற எந்தத் திட்டத்தையும் பசுமை என்று சொல்ல எனக்கு மனசு வராது. பள்ளி, ஊராட்சி அலுவலகம், தண்ணீர்த் தொட்டி அறை என்று கூரைகள் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

வருமானக் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இங்கே காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாக அடிக்கும், கடன் தவணையோ மார்கழியிலும் வரும். கடைசியாக, பக்கத்துத் துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர், அதில் புது இணைப்புக்கு இடம் இருக்கிறதா என்று மின்வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் வந்த பிறகு விலைப்பட்டியல் கேட்கலாம்.